ஒற்றைக் குழாயா, குழாய் வலையா: நானோகுழாய் வாயு சென்சாரில் எதைக் கட்டுவது?

2000-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களுக்குள் 'சயன்ஸ்' இதழில் கார்பன் நானோகுழாய் (கார்பன் அணுக்களாலான நுண்ணிய குழாய்) பற்றி இரண்டு கட்டுரைகள் வந்தன. ஜனவரியில் வந்தது ஸ்டான்ஃபோர்டில் ஹோங்ஜி டாய் குழுவினருடையது. ஒரே ஒரு குறைக்கடத்தி நானோகுழாயை இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே வைத்து, அதன்மேல் 200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 200 பங்கு) நைட்ரஜன் டைஆக்சைடை ஓடவிட்டார்கள். சில நொடிகளில் கடத்துத்திறன் ஆயிரம் மடங்கு வரை ஏறியது. 1 சதவீத அமோனியாவை விட்டபோது ஓரிரு நிமிடங்களில் ஏறக்குறைய நூறு மடங்கு இறங்கியது. சூடாக்க வேண்டிய தேவையே இல்லை, எல்லாம் அறை வெப்பநிலையில் நடந்தது. மார்ச்சில் வந்தது பெர்க்லியில் அலெக்ஸ் ஜெட்டில் குழுவினருடையது. வெறும் காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டாலே நானோகுழாய் மாதிரியின் மின்தடை 10 முதல் 15 சதவீதம் மாறுகிறது, வெப்பமின் திறனின் (வெப்பநிலை வேறுபாட்டால் எழும் மின்னழுத்தத்தின்) குறியே நேரெதிராகத் திரும்புகிறது என்று அவர்கள் காட்டினார்கள்.

இந்தத் துறைக்குள் வருகிறவர்கள் முதல் கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆயிரம் மடங்கு என்ற எண் அப்படி இழுக்கும். இரண்டாவதைப் பலர் 'அப்புறம் பார்க்கலாம்' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நானும் ஒதுக்கினேன், அதற்காக முழுதாக ஒரு மாதத்தை இழந்தேன். நாம் வாயு விடாமலேயே சுற்றியுள்ள காற்று சிக்னலை மாற்றும் என்று எச்சரித்து, எந்த வடிவத்தில் சென்சாரைக் கட்டுவது என்ற முடிவை எடுக்க உதவுவது அந்த இரண்டாவது கட்டுரைதான் என்று இப்போது நம்புகிறேன்.

யாருக்காக இதை எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். எம்.டெக். திட்டத்துக்கோ முனைவர் பட்டத்தின் முதல் ஆண்டிலோ, அறை வெப்பநிலையில் அமோனியாவையோ நைட்ரஜன் டைஆக்சைடையோ உணரும் நானோகுழாய் சென்சார் ஒன்றைக் கட்ட வேண்டியவர்களுக்கு. பணமும், மின்முனைகளைச் சில்லில் பொறிக்கும் லித்தோகிராஃபி நேரமும் ஒரு தடவைதான் கிடைக்கும். ஒற்றைக் குழாய் டிரான்சிஸ்டரைக் கட்டலாம். குழாய்களைத் திரவத்தில் கலந்து, கைவிரல்களைக் கோத்தது போன்ற மின்முனைகளின் மேல் சொட்டி, வலைபோல் பரப்பிய ஃபிலிமைக் கட்டலாம். அந்த ஃபிலிமுக்குப் பாலிமரோ உலோகத் துகளோ பூசலாம். நானோகுழாயே வேண்டாம், கடையில் கிடைக்கும் டின் ஆக்சைடு சென்சார் போதும் என்று விட்டுவிடவும் செய்யலாம்.

என் பரிந்துரை பெரும்பாலானவர்களுக்கு ஃபிலிம்தான். அது மலிவு என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை.

வாயு எங்கே கைவைக்கிறது

பாடப்புத்தகம் சொல்லும் கதை எளிது. ஒற்றைச்சுவர் நானோகுழாயின் விட்டம் ஒன்றிரண்டு நானோமீட்டர், சுவரின் தடிமன் ஒரு அணு. ஆகவே ஒவ்வொரு கார்பன் அணுவும் வெளிப்பரப்பில்தான் இருக்கிறது. உள்ளே மறைந்து நிற்க இடமே கிடையாது. காற்றில் வைத்த குறைக்கடத்திக் குழாய் பி-வகையாக நடந்துகொள்ளும், அதாவது மின்னோட்டத்தைத் துளைகள் சுமக்கும். நைட்ரஜன் டைஆக்சைடு எலக்ட்ரானை இழுக்கும் மூலக்கூறு. அது சுவரில் ஒட்டினால் துளைகள் கூடும், கடத்தல் ஏறும். அமோனியா தன் தனித்த எலக்ட்ரான் இணையைக் கொடுக்கப் பார்க்கும். துளைகள் நிரம்பி, கடத்தல் இறங்கும். டிரான்சிஸ்டரில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மூன்றாவது முனையான கேட்டின் மின்னழுத்தத்தை மாற்றிக்கொண்டே மின்னோட்டத்தை அளந்தபோது, கிடைத்த வளைகோடு முழுவதும் நைட்ரஜன் டைஆக்சைடில் ஏறக்குறைய +4 வோல்ட் பக்கமும் அமோனியாவில் -4 வோல்ட் பக்கமும் நகர்ந்தது என்று ஸ்டான்ஃபோர்டு குழு எழுதியது. உலோகத் தன்மையுள்ள குழாய்கள் இப்படி அசைவதில்லை. அவற்றில் மின்னோட்டத்துக்கான நிலைகள் எப்போதும் திறந்தே இருப்பதால், ஒட்டிய மூலக்கூறு தரும் சிறு மின்னூட்டம் பெரிதாக எதையும் மாற்றாது.

சரி, இந்தக் கதையை ஒரு சின்னக் கணக்கில் சோதிப்போம். பரப்பில் ஒட்டிய மூலக்கூறு எவ்வளவு நேரம் அங்கே தங்கும் என்பது பிணைப்பாற்றலைப் பொறுத்தது. அது ஒவ்வொரு முறை அதிரும்போதும் தப்பிக்கப் பார்க்கிறது, அப்படி ஒரு நொடிக்கு ஏறக்குறைய பத்து லட்சம் கோடி முயற்சிகள். குறைபாடில்லாத சுவரில் அமோனியாவின் பிணைப்பாற்றல் சுமார் 0.15 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) என்று ஆரம்பகாலக் கணக்கீடுகள் சொல்லின. அந்த எண்ணைப் போட்டால் அறை வெப்பநிலையில் அது தங்கும் நேரம் ஒரு நானோவினாடியில் முப்பதில் ஒரு பங்கு. நைட்ரஜன் டைஆக்சைடுக்குச் சொன்ன 0.8 எலக்ட்ரான் வோல்ட்டைப் போட்டால் மூன்று நொடிக்குச் சற்றுக் குறைவு. ஆய்வகத்தில் நடப்பதோ வேறு. நைட்ரஜன் டைஆக்சைடு பட்ட ஒற்றைக் குழாயைத் தூய ஆர்கான் ஓட்டத்தில் விட்டால், பழைய நிலைக்குத் திரும்ப சுமார் 12 மணி நேரம் பிடித்தது. அமோனியாவும் முப்பதில் ஒரு நானோவினாடியில் கிளம்பிப் போகிற விருந்தாளியாக நடந்துகொள்ளவில்லை.

12 மணி நேரம் வர வேண்டுமென்றால் பிணைப்பாற்றல் ஒரு எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். இதே கணக்கின்படி அப்படிப்பட்ட மூலக்கூறு 200 டிகிரி செல்சியஸில் நொடியில் ஒரு சிறு துளிக்குள் கிளம்பிவிட வேண்டும். நடைமுறையில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கித்தான் அந்தக் குழாயை மீட்டார்கள். என் கணக்கு தோராயமானதுதான், ஆனாலும் அது ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது: எல்லா மூலக்கூறும் ஒரே மாதிரி இடத்தில் ஒட்டவில்லை. வழவழப்பான சுவரில் சில, வேறெங்கோ அழுத்தமாகப் பிடித்துக்கொண்டு சில.

அந்த 'வேறெங்கோ' எது? இதற்கு விடை தேடியே அடுத்த பத்தாண்டுகள் ஓடின. நான்கு இடங்கள் உண்டு.

முதலாவது, உலோகமும் குழாயும் தொடும் முனை. அங்கே துளைகள் ஏறிக் கடக்க வேண்டிய ஷாட்கி அரண் ஒன்று நிற்கிறது. அதன் உயரம் உலோகத்தின் வெளியேற்று ஆற்றலை (எலக்ட்ரானை உலோகத்திலிருந்து வெளியே எடுக்கத் தேவையான ஆற்றலை) பொறுத்தது. உலோகத்தின் மேல் வாயு ஒட்டினால் அந்த ஆற்றல் மாறும், அரணும் உயரும் அல்லது தாழும். குழாயின் நடுப்பகுதியை வாயு தொடாமலேயே மின்னோட்டம் மாறிவிடும். ஆக்சிஜன் விஷயத்தில் இதைத் தெளிவாக்கியது ஐபிஎம்மில் ஃபேடான் அவூரிஸ் குழு. காற்றில் பி-வகையாக இருந்த டிரான்சிஸ்டரை வெற்றிடத்தில் சூடாக்கினால் என்-வகையாகிறது (மின்னோட்டத்தை எலக்ட்ரான்கள் சுமக்கும்), ஆக்சிஜனைத் திரும்ப விட்டால் பழையபடி பி-வகையாகிறது. குழாய்க்குள் துளைகள் கூடிக் குறைந்ததால் இது வந்திருந்தால் கேட் வளைகோடு பக்கவாட்டில் நகர்ந்திருக்க வேண்டும். அப்படி நகரவில்லை. துளைகளுக்கான கிளையும் எலக்ட்ரான்களுக்கான கிளையும் ஒன்று தாழ மற்றது உயர்ந்தது. ஆகவே மாற்றம் முனையில்தான் என்றார்கள்.

நைட்ரஜன் டைஆக்சைடில் இந்த வழக்கு இன்னும் சிக்கலானது. முனைகளைப் பாலிமரால் மூடிவிட்டு வாயுவைக் காட்டியபோது ஒரு குழுவுக்கு சிக்னல் வந்தது, இன்னொரு குழுவுக்கு வரவில்லை. அமோனியாவில், அறை வெப்பநிலை முதல் சுமார் 150 டிகிரி வரை முனையின் பங்குதான் பெரிது, சுவரில் ஒட்டுவது அதற்கு மேலான வெப்பநிலையில்தான் முக்கியமாகிறது என்று 2009-இல் ஒரு கவனமான ஆய்வு சொன்னது.

இரண்டாவது இடம், சுவரிலுள்ள குறைபாடுகள். அறுகோணம் கெட்ட இடம், ஆக்சிஜன் தொகுதி ஒட்டிய இடம். வாயு அங்கே வலுவாக ஒட்டுகிறது, மின்னூட்டத்தையும் கூடுதலாகக் கைமாற்றுகிறது. வேண்டுமென்றே சில சதவீதம் குறைபாட்டை உண்டாக்கினால் சென்சார் வாயுவுக்குக் காட்டும் மாற்றம் கூடும் என்று அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தினர் 2006-இல் காட்டினார்கள்.

மூன்றாவது, அடித்தளம். குழாய் படுத்திருக்கும் சிலிக்கான் டைஆக்சைடின் மேல் ஹைட்ராக்சில் தொகுதிகளும் மெல்லிய நீர்ப்படலமும் இருக்கின்றன. அமோனியா அங்கே போய் உட்கார்ந்து குழாயை மறைமுகமாகப் பாதிக்கலாம் என்று முதல் கட்டுரையின் ஆசிரியர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள்.

நான்காவது, குழாயும் குழாயும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கடக்கும் சந்தி. இது ஒற்றைக் குழாயில் கிடையாது. வலையில் ஆயிரக்கணக்கில் உண்டு.

எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியின் வேர் இந்த நான்கு இடங்களில்தான் இருக்கிறது. நாம் கட்டும் சென்சாரில் எந்த இடம் பேசுகிறது, அந்த இடத்தை மறுபடி அதே மாதிரி செய்ய முடியுமா?

ஒற்றைக் குழாய்

அழகு என்றால் இதுதான் அழகு. கேட் மின்னழுத்தத்தால் சென்சாரின் உணர்திறனை நாமே ஏற்றி இறக்கலாம். வளைகோடு நகர்கிறதா, சாய்கிறதா என்று பார்த்து, வாயு சுவரில் வேலை செய்கிறதா முனையிலா என்று பிரித்தறியலாம். இப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வசதி ஃபிலிமில் பெரிதாகக் கிடையாது. உங்கள் ஆய்வுக் கேள்வி 'ஏன்' என்பதாக இருந்தால், தயங்காமல் இதற்கே போங்கள்.

ஆனால் சென்சாராக வேலை செய்ய வேண்டும் என்றால், மூன்று சங்கடங்கள் காத்திருக்கின்றன. இரண்டு டிரான்சிஸ்டர்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. வளர்க்கும்போது குழாய்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று உலோகத் தன்மையோடு வரும். மீதியிலும் விட்டத்துக்கு ஏற்ப பட்டை இடைவெளி (எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி) மாறும், முனையின் தரமும் மாறும். ஒரு சில்லில் அளந்த அளவீட்டுக் கோட்டை அடுத்த சில்லுக்குப் பயன்படுத்த முடியாது.

அடுத்தது இரைச்சல். பெரிய சிக்னல் கிடைக்கிறதே என்று மகிழ்பவர்கள் இதைப் பார்க்கத் தவறுகிறார்கள். 1/எஃப் இரைச்சல் எனப்படும், அதிர்வெண் குறையக் குறையப் பெரிதாகும் இரைச்சல், மின்னோட்டத்தைச் சுமக்கும் துளைகளின் எண்ணிக்கை குறைவாக இருந்தால் கூடும். ஒற்றைக் குழாயில் துளைகள் வெகு குறைவு. நானோகுழாய்களில் இந்த இரைச்சல் வழக்கமான கடத்திகளைவிட மிக அதிகம் என்று பெர்க்லி குழுவே 2000-இல் அளந்து சொன்னது. வாயு சிக்னலோ நொடிக்கணக்கில், நிமிடக்கணக்கில் நகரும் மெதுவான சிக்னல். இரைச்சல் உச்சத்தில் இருக்கும் அதே அதிர்வெண் பகுதியில்தான் நாம் காதை வைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு குறைந்த அளவு வாயுவைக் கண்டுபிடிக்கலாம் என்பதை சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம்தான் தீர்மானிக்கிறது. அங்கே ஆயிரம் மடங்கு என்ற பெருமை பாதியிலேயே கரைந்துவிடும்.

மூன்றாவது சங்கடம் ஈரம். கேட்டை ஒரு பக்கம் ஏற்றி அளந்தால் ஒரு வளைகோடு, இறக்கி அளந்தால் வேறொரு வளைகோடு. குழாயின் மேலும் அதைச் சுற்றிலும் உட்கார்ந்திருக்கும் நீர் மூலக்கூறுகள் மின்னூட்டத்தைப் பிடித்து வைப்பதே இதற்குக் காரணம் என்று 2003-இல் தெரிந்தது. பிஎம்எம்ஏ பாலிமரால் மூடினால் பிரச்சினை வெகுவாகக் குறைகிறது. ஆனால் மூடிவிட்டால் வாயு எப்படி உள்ளே போகும்? வாயு சென்சாருக்கு இந்த வைத்தியம் நோயைவிடக் கொடியது. சென்னை மாதிரி ஊரில் அளப்பவர்கள் இதை முதல் நாளே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

குழாய் வலை

நாசா ஏம்ஸ் மையத்தில் ஜிங் லீ, மெய்யப்பன் குழுவினர் 2003-இல் வெளியிட்டது இந்த வகைக்கு நல்ல முன்மாதிரி. தூய்மைப்படுத்திய ஒற்றைச்சுவர்க் குழாய்களைக் கரைப்பானில் கலந்து, விரல் கோத்த மின்முனைகளின் மேல் சொட்டி உலரவிட்டார்கள். கேட் இல்லை, இரண்டே முனைகள். நைட்ரஜன் டைஆக்சைடுக்கு 44 பிபிபி (நூறு கோடியில் 44 பங்கு) வரை கண்டறியும் எல்லை கிடைத்தது. இந்த எண்ணுக்கு ஓர் அர்த்தம் உண்டு. இந்தியாவின் தேசியக் காற்றுத் தர அளவுகோலில் நைட்ரஜன் டைஆக்சைடின் 24 மணி நேர வரம்பு கனமீட்டருக்கு 80 மைக்ரோகிராம், அதாவது ஏறக்குறைய 42 பிபிபி. பூச்சில்லாத ஃபிலிம் இந்திய வரம்பின் வாசலில் நிற்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல் 25 மைக்ரோகிராம், அதாவது 13 பிபிபி. அதற்கு இது எட்டாது. அமோனியாவில் நிலைமை வேறு. வேலையிடத்தில் எட்டு மணி நேரத்துக்கு 25 பிபிஎம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. அந்த அளவை வெறும் ஃபிலிமே சுலபமாக உணரும்.

ஃபிலிமில் எண்ணற்ற குழாய்கள் சேர்ந்து பேசுவதால் தனித்தனிக் குழாயின் குணம் சராசரியாகிவிடும். துளைகள் அதிகம், ஆகவே இரைச்சல் குறைவு. ஒரே கரைசலிலிருந்து சொட்டிய பத்துச் சில்லுகள் ஓரளவுக்கு ஒரே மாதிரி நடக்கும். ஒரு குழாய் முறிந்தாலும் சென்சார் சாகாது.

ஆனால் ஃபிலிமைக் கட்டுபவர் ஒரு விஷயத்தைக் கைக்குள் வைத்திருக்க வேண்டும்: அடர்த்தி. குழாய்கள் குறைவாக இருந்தால் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு மின்னோட்டம் போக வழியே இருக்காது. கொஞ்சம் கூட்டினால் வழி திறக்கும். அந்த நிலையில் உலோகக் குழாய்கள் மட்டும் தொடர்ந்து கைகோத்து மறுகரை போகிற அளவுக்கு எண்ணிக்கை இல்லை. எந்தப் பாதையில் போனாலும் நடுவில் ஒரு குறைக்கடத்திக் குழாயைக் கடந்தே ஆக வேண்டும். அங்கே வாயுவின் பிடி இறுகுகிறது, சிக்னல் பெரிதாகிறது. இன்னும் சொட்டிக்கொண்டே போனால் உலோகக் குழாய்களே தமக்குள் முழுப் பாதை போட்டுவிடும், வாயுவைக் கண்டுகொள்ளாத மின்னோட்டம் பெருகும், சிக்னல் சுருங்கும். மின்தடை குறைந்தால் அளப்பது எளிது என்று நினைத்து இன்னும் இரண்டு சொட்டு விடத் தோன்றும். விடாதீர்கள். சில பத்து கிலோ ஓம்கள் வந்ததும் நிறுத்திக்கொள்வது என் வழக்கம். மின்முனையின் வடிவத்துக்கு ஏற்ப இந்த எண் மாறும், ஆகவே உங்கள் சில்லில் நான்கைந்து அடர்த்திகளை முயன்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

99 சதவீதம் குறைக்கடத்திக் குழாய் மட்டும் பிரித்தெடுத்த மை விலைக்குக் கிடைக்கிறதே, அதை வாங்கினால் என்ன என்று கேட்கலாம். நல்ல வழிதான், ஒரு எச்சரிக்கையோடு. பிரித்தெடுத்த குழாய்கள் தம்மைச் சுற்றி சோப்பு போன்ற வேதிப்பொருளையோ பாலிமரையோ போர்த்திக்கொண்டுதான் வருகின்றன. இத்தாலியின் ட்ரியெஸ்டேயில் ஆண்ட்ரியா கோல்டோனி குழுவினர் 2003-இல் செய்த ஆய்வை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். குழாய்களிலிருந்து சோடியம், வினையூக்கித் துகள் போன்ற மிச்சங்களை நீக்கிவிட்டுப் பார்த்தபோது, ஆக்சிஜனையும் நீராவியையும் அவை பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. நைட்ரஜன் டைஆக்சைடு, சல்ஃபர் டைஆக்சைடு, அமோனியா ஆகியவற்றுக்கு மட்டும் துலங்கின. 'நானோகுழாய் ஆக்சிஜனை உணர்கிறது' என்று நாம் எழுதிக்கொண்டிருந்ததில் எவ்வளவு பங்கு அழுக்கினுடையது என்ற கேள்வியை அந்த ஆய்வு எழுப்பியது. ஆகவே கரைசலைக் கழுவும் வேலைக்கு ஒதுக்கும் ஒரு வாரத்தை வீண் என்று நினைக்காதீர்கள்.

பலசுவர்க் குழாய்களைப் பற்றி ஒரு வரி. மலிவு, ஆனால் வெளிச்சுவர் மட்டுமே வாயுவைத் தொடுகிறது. விட்டம் பெரிதானதால் பெரும்பாலும் உலோகம்போல் நடக்கின்றன. கையில் வேறொன்றும் இல்லையென்றால் மட்டும் எடுங்கள்.

இப்போது அந்த இழந்த மாதத்தைப் பற்றிச் சொல்கிறேன். என் முதல் ஃபிலிமின் மின்தடை தினமும் மாலை ஆனால் ஏறும், காலை பத்து மணிக்கு மேல் இறங்கும். அமோனியா மிச்சம் கசிகிறது என்று நினைத்து, குழாய் இணைப்பு ஒவ்வொன்றையும் கழற்றி மாட்டினேன். கடைசியில் பார்த்தால், அறையின் ஏசியை ஆறு மணிக்கு நிறுத்துகிறார்கள், ஈரப்பதம் ஏறுகிறது, ஃபிலிமின் தடையும் கூடவே ஏறுகிறது. அமோனியா சிலிண்டரைத் திறக்காத நாளிலும் அதே கோடு வந்திருக்கிறது, நான்தான் வாயு இல்லாமல் ஒரு முழு நாள் அளந்து பார்க்கவில்லை. இன்னொரு பாடமும் அப்போதே கிடைத்தது. வால்வைத் திருப்பிய கணத்தில் வரும் சிறு துள்ளல் எல்லாம் வாயு ஒட்டியதால் வருவதல்ல. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பீட்டர் எக்லண்ட் குழுவினர், எதோடும் வினைபுரியாத ஹீலியம், ஆர்கான் போன்ற வாயுக்களும் வெறுமனே மோதியே குழாய்களின் மின்தடையையும் வெப்பமின் திறனையும் மாற்றுகின்றன என்று காட்டியிருக்கிறார்கள். மாற்றம் வாயு அணுவின் நிறையின் கனமூலத்துக்கு ஏற்பக் கூடியது. ஆகவே அமோனியா விடும் அதே ஓட்ட வேகத்தில் வெறும் நைட்ரஜனை விட்டுப் பார்க்காத அளவீட்டை நான் நம்புவதில்லை.

பூச்சு போடலாமா?

வெறும் குழாய்க்குப் பெயர் சொல்லத் தெரியாது. எலக்ட்ரான் கொடுப்பவரா, எடுப்பவரா என்று மட்டும் சொல்லும். அமோனியாவும் ஈரமும் ஒரே திசையில் தடையை ஏற்றினால் இரண்டையும் பிரிக்க வழி இல்லை. இதற்குத்தான் பூச்சு. 2003-இல் டாய் குழுவே இதைச் செய்து காட்டியது. பாலிஎத்திலீன்இமைன் பூசினால், அதிலுள்ள அமீன் தொகுதிகள் எலக்ட்ரானைக் கொடுத்துக் குழாயை என்-வகையாக்குகின்றன. அந்தச் சென்சார் 1 பிபிபிக்கும் குறைவான நைட்ரஜன் டைஆக்சைடை உணர்ந்தது, அமோனியாவைக் கண்டுகொள்ளவில்லை. நாஃபியான் என்ற பாலிமர் பூசியது நேரெதிராக நைட்ரஜன் டைஆக்சைடைத் தடுத்து, அமோனியாவை உள்ளே விட்டது. ஒரு சில்லில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எந்த வாயு வந்தது என்று சில்லே சொல்லிவிடும். ஹைட்ரஜனுக்குப் பலேடியம் துகள். பழம் பழுக்கும்போது வெளிவிடும் எத்திலீனுக்குத் தாமிரச் சேர்மம் ஒன்றைக் கலந்து எம்ஐடியில் டிமதி ஸ்வேகர் குழுவினர் 2012-இல் வெற்றி கண்டார்கள். நாசா குழுவும் பூச்சுப் போட்டதும் போடாததுமாகப் பல சென்சார்களை ஒரே சில்லில் வைத்து 2007-இல் ஒரு சிறு செயற்கைக்கோளில் விண்ணுக்கே அனுப்பியது.

விலை என்ன என்றால், வேகம். பாலிமருக்குள் வாயு ஊறிப் போய் ஊறி வெளியே வர வேண்டும். பாலிமர் நாள்பட மாறும், ஈரத்தில் ஊதும். பூசிய பிறகு கிடைக்கும் சிக்னலில் குழாயின் பங்கு எது, பூச்சின் பங்கு எது என்பதும் மங்கிவிடும். வெறும் ஃபிலிமின் நடத்தையை ஆறு மாதமாவது பார்த்துப் பழகாதவர் பூச்சில் கைவைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

ஒட்டியதை எப்படிக் கிளப்புவது

தேர்வுகளை ஒப்பிடும் அட்டவணைகளில் உணர்திறன் முதல் கட்டத்தில் இருக்கும், மீட்பு நேரம் கடைசியில் இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. என் கையில் இருந்தால் இதைத் தலைகீழாக மாற்றுவேன். 12 மணி நேரத்துக்கு ஒரு முறை மட்டும் பேசும் சென்சாரால் யாரைக் காப்பாற்ற முடியும்?

சூடாக்குவது எளிய வழி. ஆனால் 200 டிகிரிக்குச் சூடாக்கும் தகடு வைத்தால் 'அறை வெப்பநிலைச் சென்சார்' என்ற பெயருக்கு அர்த்தம் போய்விடும், பாலிமர் பூச்சும் தாங்காது. புற ஊதா ஒளி இன்னொரு வழி. ஒளி பட்டால் ஒட்டிய மூலக்கூறு கிளம்புகிறது என்று 2001-இல் தெரியவந்தது. நாசாவின் ஃபிலிமிலும் புற ஊதா விளக்குதான் மணிக்கணக்கான மீட்பை நிமிடங்களாகக் குறைத்தது. விளக்கை வாங்கும்போது 185 நானோமீட்டர் கதிரும் வெளிவரும் வகையைத் தவிர்த்துவிடுங்கள். அது காற்றில் ஓசோனை உண்டாக்கும், ஓசோன் குழாய்ச் சுவரைத் தின்று புதிய குறைபாடுகளைப் போடும். ஒவ்வொரு மீட்புக்கும் உங்கள் சென்சார் கொஞ்சம் வேறு சென்சாராக மாறிக்கொண்டிருக்கும்.

ஒற்றைக் குழாய்க்கு இந்த இடத்தில் ஒரு பெருமை உண்டு, அதை மறைக்கக் கூடாது. அடித்தளத்தைத் தொடாமல் பாலம்போல் அந்தரத்தில் தொங்கும் குழாயில் மின்னோட்டத்தைக் கொஞ்சம் கூட்டினால் குழாயே சூடாகிறது. வெப்பம் போக வழியில்லாததால் சில மைக்ரோவாட்டே போதும். சூரிச் ஈடிஎச்சில் கிறிஸ்டோஃபர் ஹிரோல்ட் குழுவினர் சுமார் 3 மைக்ரோவாட்டில் இப்படி மீட்டுக் காட்டினார்கள். அடித்தளத்தின் நீர்ப்படலத் தொல்லையும் இதில் இல்லை. இதைக் கட்டும் வசதியுள்ள சுத்த அறை உங்களுக்குக் கிடைக்குமானால், நான் மேலே சொன்னதில் பாதியை மறந்துவிட்டு இதற்குப் போகலாம்.

டின் ஆக்சைடு சென்சாருக்கு இந்த மீட்புப் பிரச்சினையே இல்லை. அது எப்போதும் 200 முதல் 400 டிகிரியில் எரிந்துகொண்டிருப்பதால் ஒட்டியது உடனே கிளம்பும். ஜப்பானில் 1968 முதல் வணிக அளவில் வந்து, வீடுகளில் எரிவாயுக் கசிவைச் சொல்லி வரும் தொழில்நுட்பம். மாணவர் திட்டங்களில் பழக்கமான எம்க்யூ வரிசைச் சென்சார்களின் சூடேற்றிக்கு மட்டும் நூற்றுக்கணக்கான மில்லிவாட் போகும். 10 கிலோ ஓம் ஃபிலிமில் 0.1 வோல்ட் வைத்து அளந்தால் செலவு ஒரு மைக்ரோவாட். சுவரில் மின்சாரம் இருக்கிற இடத்தில், கசிகிறதா இல்லையா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால் டின் ஆக்சைடையே வாங்குங்கள். பொத்தான் பேட்டரியில் மாதக்கணக்கில் ஓட வேண்டும் என்றால் நானோகுழாயின் பக்கம் வாருங்கள்.

ஆக, அமோனியாவை 25 பிபிஎம் அளவில் பார்க்க வேண்டியவர் வெறும் ஒற்றைச்சுவர் ஃபிலிமில் தொடங்கலாம், ஈரப்பத சென்சார் ஒன்றைப் பக்கத்திலேயே ஒட்டிவைத்து இரண்டையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். தெருக்காற்றில் நைட்ரஜன் டைஆக்சைடை அளக்க விரும்புபவருக்கு பாலிஎத்திலீன்இமைன் பூசிய ஃபிலிமும் ஓசோன் தராத புற ஊதா எல்இடியும் வேண்டும், கூடவே மீட்புக்கென்று ஒதுக்கிய நேரமும் வேண்டும். பரப்புக் கவர்தல் கடத்தலை எப்படி மாற்றுகிறது என்ற அறிவியலே ஆசையாக இருப்பவருக்கு ஒற்றைக் குழாய், முடிந்தால் தொங்கும் குழாய்.

மூவருக்கும் பொதுவாக ஒன்று. மின்முனைச் சில்லுக்கு ஆர்டர் கொடுக்கும்போது, ஒரே சில்லில் 10, 50, 100 மைக்ரோமீட்டர் இடைவெளியுள்ள மூன்று ஜோடிகளைக் கேளுங்கள். கூடுதல் செலவு அதிகம் இருக்காது. மூன்றிலும் ஒரே அளவு வாயுவைக் காட்டுங்கள். தடை மாறும் சதவீதம் மூன்றிலும் ஒன்றாக இருந்தால் குழாய்களும் அவற்றின் சந்திகளும் பேசுகின்றன. இடைவெளி கூடக் கூடச் சதவீதம் தேய்ந்துகொண்டே போனால் பேசுவது உலோக முனை. அப்படி வந்தால், குழாயை மாற்றுவதற்கு முன்னால் உலோகத்தை மாற்றிப் பாருங்கள்.